கேரியோவன்: ஒரு ஐரிஷ் ஜிக் மெட்டின் கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஐரிஷ் ஃபிடில் (வயலின்தான்) இசைப் பக்கம் போகிறவர்கள் சீக்கிரமே சந்திக்கும் மெட்டுகளில் ஒன்று கேரியோவன். கேட்டதும் கால் தானாகத் தாளம் போடும். லிமரிக் நகரத்துக் குடிகார வாலிபர்களும், பீத்தோவனும், அமெரிக்கக் குதிரைப்படையும், பனியில் எரிந்த, செயென் என்ற அமெரிக்கப் பழங்குடியினரின் கிராமமும் இந்த ஒரே மெட்டின் வரலாற்றில் வருகிறார்கள். வயலின் கற்பவர்களும் சரி, வெறுமனே கேட்டு ரசிப்பவர்களும் சரி, இதைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

இது என்ன மாதிரி மெட்டு?

அயர்லாந்தின் மேற்குப் பக்கத்தில், ஷானன் ஆற்றங்கரையில் இருக்கும் லிமரிக் நகரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய ஜிக், அதாவது ஆட்ட மெட்டு. மொத்தம் இரண்டு பகுதிகள், பகுதிக்கு எட்டு பார் (தாளத்தின் ஒரு சிறு அளவு). ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்தால் 32 பார் வரும். அதுதான் ஒரு சுற்று. ஆடுகிறவர்கள் களத்தில் இருக்கும்வரை சுற்றுகள் போய்க்கொண்டே இருக்கும். முதல் வரி மேலிருந்து மாடிப்படியில் தடதடவென்று ஓடி இறங்குவதுபோல வரும். ஒரு தடவை கேட்டால் மறக்காததற்கு அந்த இறக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஃபிடில், புல்லாங்குழல், பைப், மெலோடியன் எதிலும் வாசிப்பார்கள். ராணுவத்தில் ஃபைஃப் என்ற சின்னக் குழலும் முரசும் சேர்ந்து வாசித்ததால்தான் அது உலகம் சுற்றியது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஜிக் என்றால் நம் தாளக் கணக்கில் எப்படிப் புரிந்துகொள்வது?

‘தகிட தகிட’ என்று சொல்லிப் பாருங்கள். ஒரு பார் முடிந்தது. இரண்டே அடி, ஒவ்வொரு அடிக்குள்ளும் மூன்று சுரம். அதாவது திஸ்ர நடை. ஆறு எண்ணிக்கை என்பதால் ரூபகம் என்று போட்டுக்கொண்டால் மெட்டின் துள்ளல் செத்துவிடும். காலுக்கு இரண்டு அடிதான் கேட்க வேண்டும்.

இன்னொன்று, அந்த மூன்று சுரங்களும் ஒரே நீளம் இல்லை. முதல் சுரம் கொஞ்சம் நின்று, நடுச் சுரம் லேசாகி, மூன்றாவது அடுத்த அடியை நோக்கித் தள்ளும். எவ்வளவு நிற்பது, எவ்வளவு தள்ளுவது என்பது ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். நோட்டேஷனில் இது எழுதப்பட்டிருக்காது, கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

ஐரிஷ் இசையில் ‘ஸ்லிப் ஜிக்’ என்றும் ஒன்று உண்டு. அதற்கு மூன்று தகிட. ‘ரீல்’ என்பது தகதிமி ஓட்டம்.

ஜிக் என்பதே அயர்லாந்தின் கண்டுபிடிப்புதானே?

இல்லை. இங்கிலாந்தில் 16-ஆம் நூற்றாண்டிலேயே ஜிக் என்ற ஆட்டம் புழக்கத்தில் இருந்தது. ஐரோப்பிய அரண்மனை இசையில் அது ‘ஜீக்’ ஆகி, பாக் போன்ற இசையமைப்பாளர்களின் நடனத் தொகுப்புகளில் கடைசி உருப்படியாக வந்து உட்கார்ந்தது. அயர்லாந்து அதை எடுத்துத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டு, மற்ற இடங்களில் அது மங்கிய பிறகும் விடாமல் வளர்த்தது. என்னைக் கேட்டால், ஒரு கலைக்குச் சொந்தக்காரர் என்று சொல்லிக்கொள்ள அந்த உழைப்பே போதும்.

கேரியோவன் என்பது ஆளின் பெயரா, ஊரின் பெயரா?

இடத்தின் பெயர். லிமரிக்கின் பழைய கோட்டைச் சுவருக்கு வெளியே, புனித யோவான் பெயரால் அமைந்த வாசலை ஒட்டிய குடியிருப்புப் பகுதி. அமெரிக்க ராணுவத்தில் ‘கேரி ஓவன்’ என்று பிரித்து எழுதும் வழக்கம் வந்துவிட்டதால், அப்படி ஒரு வீரன் இருந்தான் போல என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

மெட்டை அமைத்தவர் யார்?

இவர்தான் என்று பெயர் சொல்ல ஆள் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லிமரிக் தெருக்களில் பாடப்பட்ட பாட்டோடு அது பிணைந்திருக்கிறது. அச்சிலும் மேடையிலும் தெளிவாகப் பிடிபடுவது 1800 வாக்கில். அதற்கு முன்னால் எத்தனை ஃபிடில்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றி இதைத் தேய்த்து மெருகேற்றினார்கள் என்பதற்குக் கணக்கு கிடையாது. நாட்டார் மெட்டுகள் எல்லாமே அப்படி வந்தவைதான்.

பாட்டில் என்ன சொல்கிறார்கள்?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வரிகளைப் படித்தவர்கள் குறைவு. படித்தால் லிமரிக்கின் அன்றைய வாழ்க்கை அப்படியே கண்முன் வரும்.

மதுக்கடவுளின் பிள்ளைகளே, அஞ்சாதீர்கள், வந்து என்னோடு சேர்ந்து பாடுங்கள் என்று தொடங்குகிறது. பல்லவி இப்படிப் போகும்: ஊற்றுத் தண்ணீர் எதற்கு, ஏல் என்ற பீர் குடிப்போம், குடித்ததற்குக் காசை ‘ஆணி’ மேல் வைப்போம், கடனுக்காகக் கேரியோவனிலிருந்து ஒருவனும் சிறைக்குப் போக மாட்டான். அடுத்த சரணங்களில் விளக்குகளை உடைப்போம், கதவு ஜன்னலைப் பெயர்ப்போம், இரவுக் காவலர்களை மூன்று நான்கு பேராக வீழ்த்துவோம், அமீனாவை (கடனாளியைப் பிடிக்க வரும் நீதிமன்றச் சேவகரை) விளையாட்டுக்கு அடித்து விரட்டுவோம், மேயரையும் ஷெரீஃபையும் ஓட ஓட விரட்டுவோம் என்று சூளுரைக்கிறார்கள். பாடியவர்கள் நகரத்து வாலிபக் கும்பல். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர்களில் மது காய்ச்சும் ஆலைக்காரர் ஒருவரின் மகனும் உண்டு என்று லிமரிக்கில் வழிவழியாகச் சொல்வார்கள்.

அந்த ‘ஆணி’ ஒரு நிஜப் பொருள். லிமரிக் வணிகர்கள் கூடும் மண்டபத்தில் இடுப்பளவு உயரத்தில், தட்டையான தலையோடு ஒரு தூண் இருந்தது. பேரம் முடிந்ததும் அதன் மேல்தான் பணத்தை எண்ணி வைப்பார்கள். இப்போது அது லிமரிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கடன் கட்ட முடியாதவனைச் சிறையில் அடைத்த காலம் அது. அமீனாவைக் கண்டாலே வயிறு கலங்கும் மக்கள் வாழ்ந்த புறநகரில், ‘எங்கள் ஆளை நீ கொண்டுபோக முடியாது’ என்று ஒருவன் ஆர்ப்பரித்தால் அதை வெறும் குடிபோதை உளறல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. கலாட்டாவுக்கு அடியில் ஏழையின் ஆத்திரமும் இருக்கிறது. இந்த மெட்டு பின்னால் யார் கைக்குப் போனது என்பதைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெருப்பாட்டு வெளியூருக்கு எப்படிப் போனது?

முதலில் நாடக மேடை வழியாக. 1800 டிசம்பரில் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் ‘ஹார்லெக்வின் அமுலெட்’ என்ற பாண்டோமைம் (இசையும் கேலியும் கலந்த நாடகம்) அரங்கேறியது. அதில் கேரியோவன் இடம்பெற்றது. அந்தக் காலத்தில் மேடையில் ஒரு மெட்டு எடுபட்டால், இசைக்கடைக்காரர்கள் உடனே தாளில் அச்சடித்து விற்பார்கள். அதை வீட்டு பியானோவில் வாசிப்பார்கள், நடன ஆசிரியர்கள் புது ஆட்டத்துக்கு வைத்துக்கொள்வார்கள். கேரியோவனும் அப்படித்தான் பரவியது.

நாட்டார் மெட்டு என்றால் காதுவழி மட்டுமே வந்தது என்று ஒரு நம்பிக்கை உண்டு. இந்த ஜிக்கைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். தெருவிலிருந்து மேடைக்கும் மேடையிலிருந்து அச்சுக்கும் போய், அச்சுத் தாளிலிருந்து மறுபடி ஏதோ ஒரு கிராமத்து ஃபிடில்காரரின் காதுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சில வருடங்களில் கவிஞர் தாமஸ் மூர் தன்னுடைய ‘ஐரிஷ் மெலடீஸ்’ தொகுப்பில் இதே மெட்டுக்கு நாகரிகமான வேறு வரிகள் எழுதினார். விளக்கு உடைப்பு, அமீனா எல்லாம் காணாமல் போய், வரவேற்பறையில் பாடத் தக்கதாக மாறிவிட்டது.

பீத்தோவன் இதைக் கையாண்டார் என்பது உண்மையா?

உண்மைதான். எடின்பரோவில் இருந்த ஜார்ஜ் தாம்சன் என்ற பதிப்பாளர் ஸ்காட்டிஷ், ஐரிஷ், வெல்ஷ் மெட்டுகளைத் திரட்டி, பெரிய இசையமைப்பாளர்களிடம் கொடுத்துப் பின்னணி இசை எழுதி வாங்கிக்கொண்டிருந்தார். ஹைடனுக்கு அடுத்து பீத்தோவனைப் பிடித்தார். பீத்தோவன் அவருக்காகச் செய்த பன்னிரண்டு ஐரிஷ் பாடல்கள் அடங்கிய தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதில் ஏழாவது இந்த மெட்டு. குரலுக்குத் துணையாக வயலின், செலோ, பியானோ வரும்.

அதே தொகுப்பில் ‘செயின்ட் பேட்ரிக்ஸ் டே’, ‘நோரா கிரீனா’ என்ற வேறு இரண்டு பிரபலமான ஜிக் மெட்டுகளும் வேறு பாட்டுகளாக உருமாறி உட்கார்ந்திருக்கின்றன. தாம்சன் பெரும்பாலும் பாட்டு வரியை அனுப்பாமல் மெட்டை மட்டும்தான் அனுப்புவார். வரிகளையும் அனுப்புங்கள் என்று பீத்தோவன் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். வியன்னாவில் உட்கார்ந்துகொண்டு, லிமரிக்கை ஒருநாளும் பார்க்காமல், என்ன பாட்டு என்றே தெரியாமல் எழுதிக் கொடுத்தார். கேட்டுப் பாருங்கள், நன்றாகவே இருக்கும்.

ஆட்ட மெட்டு எப்படி ராணுவ அணிநடை ஆனது?

தாளம்தான் காரணம். ஜிக்கின் ஒரு பாருக்கு இரண்டு அடி: இடது கால், வலது கால். வேக நடைக்கு ராணுவம் வைத்திருக்கும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 அடி என்ற கணக்கு, ஆட்டத்துக்கு ஜிக் வாசிக்கும் வேகத்துக்குக் கிட்டத்தட்ட சமம். மெட்டில் ஒன்றையும் மாற்ற வேண்டாம். அப்படியே ஊதிக்கொண்டு நடக்கலாம்.

அப்புறம், பிரிட்டிஷ் ராணுவத்தில் ஐரிஷ்காரர்கள் ஏராளம். பட்டினிக்கு அஞ்சிச் சேர்ந்தவர்கள், ஊரில் பிழைக்க வழியில்லாமல் சேர்ந்தவர்கள். போகிற இடமெல்லாம் ஊர்ப் பாட்டையும் கொண்டுபோனார்கள். 18-ஆவது ராயல் ஐரிஷ் ரெஜிமெண்ட் கேரியோவனையே தன் வேக நடை இசையாக வைத்துக்கொண்டது. 1840-களின் பெரும்பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியபோது மெட்டும் கூடவே ஏறியது. நியூயார்க்கின் 69-ஆவது காலாட்படை ஐரிஷ் குடியேறிகளின் படை. அவர்களுக்கும் இதுதான் அணிநடை.

கஸ்டர் என்ற பெயர் எப்போதும் இதோடு வருகிறதே?

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபின், 1866-இல் கன்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் ரைலியில் 7-ஆவது குதிரைப்படை உருவாக்கப்பட்டது. களத்தில் அதை நடத்தியவர் ஜார்ஜ் ஆர்ம்ஸ்ட்ராங் கஸ்டர். அவருக்கு வாத்தியக் குழுவின் மேல் மோகம். படையில் ஐரிஷ்காரர்கள் கணிசமாக இருந்தார்கள். கார்லோ மாவட்டத்தில் பிறந்த கேப்டன் மைல்ஸ் கியோ என்பவர்தான் இந்த மெட்டைக் கஸ்டருக்கு அறிமுகப்படுத்தினார் என்று ஒரு கதை உண்டு. சாதாரணச் சிப்பாய்கள் பாடுவதைக் கேட்டு அவரே பிடித்துக்கொண்டார் என்பது இன்னொரு கதை. எது எப்படியோ, குதிரை நடையின் துள்ளலுக்கு ஜிக் பொருந்திவிட்டது. கேரியோவன் அந்தப் படையின் அடையாளமாகிவிட்டது.

வாஷிட்டாவில் என்ன நடந்தது?

1868 நவம்பர் 27. இன்றைய ஓக்லஹோமா மாநிலத்தின் மேற்கில், வாஷிட்டா ஆற்றங்கரையில் ஒரு செயென் கிராமம். தலைவர் பெயர் பிளாக் கெட்டில். சமாதானத்தையே விடாமல் நாடியவர். நான்கு வருடங்களுக்கு முன் கொலராடோவின் சாண்ட் கிரீக்கில், தம் கூடாரத்தின் மேல் அமெரிக்கக் கொடியை ஏற்றி வைத்திருந்தும் படைகள் அவருடைய மக்களைக் கொன்று குவித்ததை உயிரோடு பார்த்தவர். வாஷிட்டா தாக்குதலுக்குச் சுமார் ஒரு வாரம் முன்புதான் ஃபோர்ட் காப் முகாமுக்குப் போய், எங்கள் மக்களுக்குப் பாதுகாப்பு கொடுங்கள் என்று கேட்டிருந்தார். கிடைக்கவில்லை.

கன்சாஸ் குடியேற்றங்களைத் தாக்கிவிட்டுத் திரும்பிய இளைஞர்களின் தடத்தைப் பனியில் பின்தொடர்ந்து கஸ்டரின் படை அந்தக் கிராமத்தை அடைந்தது. இரவோடு இரவாக நான்காகப் பிரிந்து சுற்றி வளைத்தார்கள். விடிந்ததும் வாத்தியக் குழுவுக்கு உத்தரவு: கேரியோவன் வாசியுங்கள். அதுதான் தாக்குதலுக்குச் சைகை. கடுங்குளிரில் ஊதுகருவிகளுக்குள் எச்சில் உறைந்து, சில சுரங்களோடு இசை நின்றுபோனது. துப்பாக்கிகள் நிற்கவில்லை.

பிளாக் கெட்டிலும் அவர் மனைவியும் தப்பிக்க முயன்றபோது ஆற்றில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 103 வீரர்களைக் கொன்றோம் என்று கஸ்டர் அறிக்கை கொடுத்தார். செயென் தரப்பு சொல்லும் எண்ணிக்கை அதைவிட மிகக் குறைவு. அதில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். 53 பெண்களும் குழந்தைகளும் சிறைபிடிக்கப்பட்டார்கள். கூடாரங்களையும் குளிர்கால உணவையும் எரித்தார்கள். எண்ணூறு போலக் குதிரைகளைச் சுட்டுத் தள்ளினார்கள், அவர்கள் இனி எழவே கூடாது என்பதற்காக.

அந்த இடம் 1996-இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது.

அமீனாவை விரட்டிய ஏழைகளின் பாட்டு, இன்னொரு ஏழை மக்களின் வீடுகளைக் கொளுத்த வந்தவர்களின் கொடியாகிவிட்டது. பல இசைத் தளங்களில் ‘கஸ்டருக்குப் பிடித்த உற்சாகமான மெட்டு’ என்று ஒரே வரியில் இதைக் கடந்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை.

லிட்டில் பிக்ஹார்ன் சண்டையிலும் வாசித்தார்களா?

இல்லை. 1876 ஜூன் 25 அன்று லகோட்டா, செயென், அரபாஹோ வீரர்களிடம் கஸ்டரும் அவரோடு நேராகப் போன படையும் முழுசாக அழிந்த சண்டை அது. மைல்ஸ் கியோவும் அங்கேதான் இறந்தார். வாத்தியக் குழுவைப் பௌடர் ஆற்று முகாமிலேயே விட்டுவிட்டுத்தான் போனார்கள். அவர்களுடைய குதிரைகள்கூடச் சண்டைக்காரர்களுக்குப் போய்விட்டன. படை கிளம்பியபோது வழியனுப்பக் கேரியோவன் வாசித்தார்கள். திரைப்படங்களில் வேறு மாதிரி காட்டியிருக்கலாம்.

இன்றும் அமெரிக்க ராணுவத்தில் இருக்கிறதா?

இருக்கிறது. 7-ஆவது குதிரைப்படையின் சின்னத்திலேயே அந்தப் பெயர் உண்டு. வியட்நாம் போர்க்காலத்தில் சிப்பாய்கள் சல்யூட் அடிக்கும்போது ‘கேரி ஓவன்’ என்றே சொல்வார்கள். 1981-இல் முதலாவது குதிரைப்படை டிவிஷனின் அதிகாரபூர்வ இசையாகவும் ஆனது. மான்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்துக்குப் பக்கத்தில் கேரியோவன் என்று ஒரு ஊர்கூட இருக்கிறது.

லிமரிக்கில் இன்று அந்தப் பெயர் எதைக் குறிக்கும்?

பெரும்பாலும் ரக்பியை. 1884-இல் தொடங்கிய கேரியோவன் கிளப் அங்கே பிரபலம். பந்தை வானத்தில் உயர உதைத்துவிட்டு, அது விழும் இடத்துக்கு எல்லோரும் ஓடுகிற உத்திக்கு உலகம் முழுக்க ‘கேரியோவன்’ என்றே பெயர்.

அப்படியானால் இந்த மெட்டை வாசிக்கலாமா, கூடாதா?

வாசிக்கலாம் என்பதுதான் என் கருத்து. வாஷிட்டாவில் நடந்ததற்கு மெட்டு பொறுப்பில்லை. லிமரிக் தெருவில் அதைப் பாடியவர்களும் பொறுப்பில்லை. ஆனால் மேடையில் அறிமுகம் செய்யும்போது வீரதீரக் கதையாகச் சொல்லாதீர்கள். செயென், லகோட்டா மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவர் அரங்கில் இருந்தால் காதில் எப்படி விழும் என்று யோசித்துவிட்டு வார்த்தையை எடுங்கள். ராணுவ விழாவுக்கு அணிநடையாக வாசிக்கச் சொன்னால் நான் வேறு மெட்டைத்தான் எடுப்பேன். ஆட்டத்துக்கு, ஐரிஷ் வேகத்தில், ஃபிடிலில் என்றால் தயக்கமே இல்லை.

தமிழ்நாட்டுக்கும் இந்த இசை உலகத்துக்கும் தொடர்பு உண்டா?

கேரியோவனை விட்டுவிட்டுப் பொதுவாகச் சொன்னால், நெருங்கிய தொடர்பு உண்டு. அயர்லாந்து மெட்டுகளை உலகம் சுற்ற வைத்த அதே பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகள் சென்னைக் கோட்டையிலும் வாசித்தன. முத்துசாமி தீட்சிதர் (1776–1835) அப்படிப்பட்ட மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சம்ஸ்கிருத சாகித்யம் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டில் அமைந்த ‘சந்ததம் பாஹிமாம்’ பலருக்குப் பாடமாகியிருக்கும். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய வயலினைக் கற்று அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர். இன்று ஒரு தமிழ்ப் பிள்ளை வயலினில் ஜிக் வாசித்தால் அது அந்நியச் சங்கதி இல்லை.

ஃபிடிலும் வயலினும் வேறு வேறு வாத்தியமா?

ஒன்றேதான். வாசிக்கிற முறைதான் வேறு.

கர்நாடக வயலின் கற்பவர் இதை எப்படித் தொடங்குவது?

மூன்று விஷயங்கள் இடிக்கும். முதலாவது சுருதி. நம் வயலினில் ச-ப-ச-ப என்று கட்டியிருப்போம்; ஃபிடிலுக்கு வழக்கமான மேற்கத்தியக் கட்டுதான், ஜி-டி-ஏ-ஈ. இரண்டாவது உட்காரும் முறையும் பிடியும். ஃபிடிலைத் தாடைக்குக் கீழே வைத்து, பெரும்பாலும் முதல் நிலையிலேயே விரல் வைத்து வாசிப்பார்கள், அதனால் கை வழுக்கி மேலே கீழே போக வேண்டிய அவசியம் குறைவு. மூன்றாவதுதான் கஷ்டம்: கமகத்தை அடக்க வேண்டும். ஐரிஷ் அலங்காரங்கள் நொடிப்பொழுதில் விரலைத் தட்டி எடுப்பவை, சுரத்தை அசைப்பவை அல்ல. மேல் சுரத்தைத் தொட்டு எடுக்கும் தட்டலை ‘கட்’ என்பார்கள். அந்த ‘கட்’டும் கீழ்ச் சுரத்தைத் தொடும் ஒரு தட்டலும் சேர்ந்து ஒரு நீளச் சுரத்தைச் சுற்றி வந்தால் ‘ரோல்’.

கேரியோவனை ஜி மேஜரில் எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குச் சங்கராபரண சுரங்கள். அலங்காரம் எதுவும் இல்லாமல், தகிட தகிட என்று வாயால் சொல்லிக்கொண்டே மெதுவாக வாசியுங்கள். வில்லை முழு நீளம் இழுக்காதீர்கள், நடுப்பகுதியில் ஒரு சாண் போதும். துள்ளல் வந்தபிறகு இரண்டு சுரங்களை ஒரே வில்லில் இணைத்து, அந்த இணைப்பு அடுத்த அடியைத் தாண்டிப் போகும்படி பழகுங்கள். அணிநடை மாதிரி விறைப்பாகக் கேட்ட மெட்டு ஆட்டமாக மாறுவது அந்த இடத்தில்தான்.

நோட்டேஷன் வேண்டுமென்றால் ஃபிரான்சிஸ் ஓ’நீல் தொகுத்து 1903-இல் வெளியிட்ட பெரிய தொகுப்பைப் பாருங்கள். கார்க் மாவட்டத்தில் பிறந்து, சிகாகோ போலீஸ் தலைவராக இருந்தவர் அவர்; நகரத்தில் இருந்த ஐரிஷ் வாத்தியக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு 1,850 மெட்டுகளைத் திரட்டினார். கேரியோவனும் அதில் இருக்கிறது. நோட்டைப் பார்த்துச் சுரம் பிடித்ததும், அயர்லாந்தின் ஃபிடில்காரர்கள் இரண்டு மூன்று பேர் இதை வாசிப்பதைக் கேளுங்கள். ஒருவர் வாசிப்பதுபோல இன்னொருவர் வாசிக்க மாட்டார்.